தம்பியின் தோள் ஏன் வலித்தது?

கேள்வி: டொக்டர், வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 23 வயது. மூன்று கிழமையாகக் களைப்பு, பல் விளக்கினால் முரசில் இரத்தம். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று கோப்பையைத் தள்ளிவிடுவான். பக்கத்து டிஸ்பென்சரியில் காஸ்ட்ரைட்டிஸ் என்று மருந்து தந்தார்கள். ஒரு ஞாயிறு இரவு இடது பக்க வயிறு வலிக்கிறது என்றான். தைலம் பூசித் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "அக்கா, இடது தோளும் பிடிச்சுப்போச்சு" என்றான். முதல் நாள் கிரிக்கெட் விளையாடியவன், சுளுக்காக்கும் என்று தோளுக்கும் பூசினேன். படுக்க வைத்தால் தோள்வலி இன்னும் கூடியது. விடியப்புறம் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தான். ஓட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு ஓடினோம். மண்ணீரல் வெடித்து வயிறு முழுக்க இரத்தம் என்று அன்றே ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்று தெரிந்தது. இப்போது மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ நடக்கிறது. மண்ணீரல் ரிப்போர்ட்டின் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தைலப் போத்தலை எங்கேயோ எடுத்து ஒளித்துவிட்டா. நான் தேய்த்ததால்தான் வெடித்ததா? டிஸ்பென்சரி டொக்டர் பிழை விட்டாரா? வெடித்ததால் புற்றுநோய் பரவிவிட்டதா? மண்ணீரல் இல்லாமல் தம்பி வாழலாமா? பெரியம்மா ஆட்டு மண்ணீரல் சூப்பும் பப்பாசி இலைச் சாறும் கொடுக்கச் சொல்கிறா. கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, இல்லை. நீங்கள் தேய்த்ததால் வெடிக்கவில்லை. மிச்சத்தை நாளைக்கு வாசிக்கலாம் என்று மடித்து வைப்பதானால், இந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு மடித்து வையுங்கள்.

உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது எடை, 780 கிராம். சுகமாக இருக்கும் ஒரு பெரிய ஆளின் மண்ணீரல் ஏறக்குறைய 150 கிராம்தான். இடது பக்கம் 9, 10, 11ஆம் விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும், வெளியிலிருந்து தடவினால் கைக்கு அகப்படாது. தம்பியுடையது அதைப்போல் ஐந்து மடங்கு. இரண்டாவது, மண்ணீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்குள்ளேயே புற்றுக் கலங்கள் புகுந்திருந்ததாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன். உறைக்கு அடியில் ஓர் இரத்தக்கட்டி இருந்திருக்கிறது, அதன் ஓரங்களில் ஆறத் தொடங்கிய அடையாளமும் இருந்திருக்கிறது. ஓர் இரத்தக்கட்டியின் ஓரம் ஆறத் தொடங்க நாட்கள் வேண்டும், சில மணித்தியாலங்களில் அது நடக்காது. அதாவது, நீங்கள் தைலப் போத்தலைத் திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே உள்ளே கசிவு தொடங்கிவிட்டது. ஞாயிறு இரவு நடந்தது அதன் கடைசிக் கட்டம்.

கொழுக்கட்டை அவித்திருப்பீர்கள். உள்ளுக்கு அளவுக்கு மீறி வைத்து மாவை மெல்லிசாகப் பிடித்தால், நீராவியில் வைத்த பிறகு யார் கையும் படாமலே வாய் பிளந்துவிடும். கிட்டத்தட்ட அதுதான் இதுவும். மண்ணீரல் ஒரு வடிகட்டி. நிமிடத்துக்கு ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவு இரத்தம் அதற்குள் போய் வருகிறது. ஏ.எல்.எல். மாதிரித் தீவிரமான இரத்தப் புற்றுநோய் வகைகளில் முதிராத வெள்ளைக் கலங்கள் அந்த வடிகட்டியில் வந்து அடைகின்றன. சின்ன இரத்தக் குழாய்கள் அடைபட்டு, சில இடங்கள் இரத்தம் கிடைக்காமல் செத்துப்போகின்றன. அந்த இடங்களில் கசியும். சாதாரண ஆளுக்கு என்றால் இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் வந்து அடைத்துவிடும். தம்பிக்கோ எலும்புக்குள் இரத்தம் உருவாகும் என்புமச்சையைப் புற்று பிடித்துக்கொண்டதால் பிளேட்லெட் உற்பத்தியே படுத்துவிட்டிருந்தது. முரசில் இரத்தம் வந்ததும் அதனால்தான்.

மண்ணீரல் வீங்கிய எல்லோருக்கும் இப்படி நடக்குமா என்றால், இல்லை. இரத்தப் புற்றுநோயில் மண்ணீரல் வீங்குவது வழக்கம், வெடிப்பது மிக அபூர்வம். நாட்பட்ட வகைகளில் சிலருக்கு அது தொப்புளையும் தாண்டி வளர்ந்து கிடக்கும், ஆனாலும் பெரும்பாலும் வெடிக்காது. ஆகவே பருமன் மட்டும் காரணமில்லை. வீங்கும் வேகமும், இரத்தம் உறையாத நிலையும் சேர வேண்டும். புதிதாக வந்த விஷயமும் இல்லை. 1861இலேயே வியன்னாவின் நோயியல் நிபுணர் ரொக்கிட்டான்ஸ்கி, இரத்தப் புற்றுநோயாளர் ஒருவரில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அடிபடாமல் மண்ணீரல் வெடித்த 845 பேரைப் பற்றிய தொகுப்பு ஒன்று 2009இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 30 வீதத்தினருக்குப் புற்றுநோயும், 27 வீதத்தினருக்குத் தொற்றும் காரணம். மலேரியா, சுரப்பிக் காய்ச்சல், எப்போதாவது டெங்கு எல்லாம் அந்தத் தொற்றுக்களுக்குள் வரும். அந்த 845 பேரில் எட்டில் ஒருவர் அளவில் இறந்திருக்கிறார்கள். தம்பி மற்ற ஏழு பேரின் பக்கம் நிற்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீங்கிய மண்ணீரலை அழுத்துவது நல்லதில்லை, அதனால்தான் நாங்களே அதைப் பூப்போலத் தொட்டுப் பார்க்கிறோம். இருமல், தும்மல், வாந்தி, மலம் கழிக்க முக்குவது, படுக்கையில் புரள்வது, எதுவும் கடைசித் துரும்பாக இருக்கலாம். ஆனால் தைலக் கை பட்டதும் வெடிக்கிற நிலையில் ஒரு மண்ணீரல் இருந்தால், அது அடுத்த இருமலுக்கும் வெடித்திருக்கும். அந்த இரவில் நீங்கள் செய்தது, வலிக்கிறது என்று சொன்ன தம்பிக்குப் பக்கத்தில் விழித்திருந்தது. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தோள்வலி. தோளில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்றகடு என்ற தசைக்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து, 3, 4, 5ஆம் கழுத்து நரம்புகள் வழியாக. தோள்பட்டையின் மேற்புறத் தோலும் அதே இடத்திலிருந்துதான் உணர்வைப் பெறுகிறது. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் போட்ட மாதிரி. மண்ணீரலில் இருந்து கசிந்த இரத்தம் இடது பிரிமென்றகட்டின் அடியில் போய்த் தேங்கி உறுத்தும்போது, மூளை அந்தக் கடிதத்தைத் தோளுக்குப் போட்டுவிடுகிறது. படுக்க வைத்தால் இரத்தம் மேலே பிரிமென்றகட்டுப் பக்கம் ஏறும், வலி கூடும். தம்பிக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான். ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ஹான்ஸ் கேர் என்பவரின் பெயரால் 'கேரின் அறிகுறி' என்று மாணவர்களுக்குப் படிப்பிக்கிறோம். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு பையன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது எத்தனை பேருக்கு நினைவு வரும் என்பது வேறு கதை. அடிபடாத இடது தோள் வலியும், இடது மேல்வயிற்று வலியும், வெளிறிய முகமும், குளிர்ந்த வியர்வையும், வேகமான நாடியும் சேர்ந்து வந்தால், தைலத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு 1990 அழுத்துங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோவில் ஒட்சிசனும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

டிஸ்பென்சரி டொக்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. "சாப்பிட முடியவில்லை, வயிறு ஊதுகிறது" என்று மட்டும் ஒரு 23 வயதுப் பையன் வந்து சொல்லியிருந்தால், நானும் முதலில் அதே வில்லையைத்தான் எழுதியிருப்பேன். முரசில் இரத்தம் வருவதையும் மூன்று கிழமைக் களைப்பையும் சேர்த்துச் சொல்லியும் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தக்கல எண்ணிக்கைப் பரிசோதனை எடுக்கச் சொல்லவில்லை என்றால், அது தவறவிட்டதுதான். இரண்டு வாயிலேயே வயிறு நிறைவதுகூட ஒரு துப்பு, பெருத்த மண்ணீரல் பக்கத்திலிருக்கும் இரைப்பையை நெருக்கியதால் வந்தது. கொழும்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு நாள் காய்ச்சல் என்றால் டெங்குப் பயத்தில் எல்லோரும் எஃப்.பி.சி. எடுக்க ஓடுகிறோம். காய்ச்சல் இல்லாத களைப்புக்கு ஒருவரும் எடுப்பதில்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்திருந்தால் நோய் முன்பே பிடிபட்டிருக்கும்.

மண்ணீரலை எடுக்காமல் காப்பாற்றியிருக்கலாமா என்று உறவினர்கள் யாராவது கேட்கக்கூடும். இரத்த அழுத்தம் தாக்குப்பிடிக்கிற சிலருக்கு, குழாய் வழியாகப் போய் மண்ணீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை அடைத்துக் கசிவை நிறுத்தலாம். வாசலில் மயங்கி விழுந்தவருக்கு அதற்கு நேரமில்லை. என்ன நோய் என்றே தெரியாமல், பிளேட்லெட் குறைந்த உடம்பில் கத்தி வைப்பது சின்ன வேலை இல்லை. அன்று வேலையில் இருந்த சத்திரசிகிச்சைக் குழு சரியானதைத்தான் செய்திருக்கிறது.

வெடித்ததால் புற்றுநோய் பரவிவிட்டதா என்ற பயமும் வேண்டாம். கட்டியாக வரும் புற்றுநோய்க்குத்தான் அந்தக் கணக்கு. இது இரத்தத்தின் நோய், முதல் நாளிலிருந்தே இரத்தம் போகும் இடமெல்லாம் போயிருக்கும், கீமோவும் அப்படித்தான் போகிறது. இனி என்ன என்பதைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள்: வயது, தொடக்கத்தில் இருந்த வெள்ளை அணு எண்ணிக்கை, கலங்களில் இருக்கும் நிறமூர்த்த (குரோமோசோம்) மாற்றங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் கட்டக் கீமோ முடிந்ததும் என்புமச்சையில் எவ்வளவு நோய் மிச்சம் இருக்கிறது என்பது. அந்தப் பரிசோதனை முடிவை மகரகம வைத்தியரிடம் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்க அந்த ஞாயிறு இரவைப் பற்றியது. எனக்குப் பயம் இனி வரப்போகும் இரவுகளைப் பற்றித்தான்.

மண்ணீரல் இல்லாமல் வாழலாமா? வாழலாம். விபத்தில் இழந்த எத்தனையோ பேர் வேலைக்குப் போய், பிள்ளை குட்டி பெற்று வாழ்கிறார்கள். ஆனால் ஒரு காவல்காரர் போய்விட்டார். மண்ணீரல் எடுத்தவரின் இரத்தத்துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், சில செங்கலங்களுக்குள் ஒற்றைக் கருநீலப் புள்ளி தெரியும், குண்டூசியால் குத்தி வைத்த மாதிரி. ஹோவெல்-ஜொலி துணிக்கை என்று பெயர். செங்கலம் உருவாகும்போது மிஞ்சிப்போன கருவின் துண்டு அது. மண்ணீரல் இருந்தால் ஒவ்வொரு கலத்தையும் பிடித்து அந்தப் புள்ளியைக் கிள்ளி எடுத்துவிட்டு அனுப்பும். புள்ளி தெரிகிறது என்றால் கிள்ள ஆள் இல்லை என்று அர்த்தம். அதே ஆள்தான் நியூமொகொக்கஸ் மாதிரி உறை போர்த்திய பற்றீரியாக்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவை இப்போது தம்பியின் இரத்தத்தில் புகுந்தால் தடுப்பார் இல்லாமல் பெருகும். காலையில் லேசான காய்ச்சல், இரவு ஐ.சி.யு. என்று ஆகிவிடும். கீமோவால் வெள்ளை அணுக்களும் விழுந்திருக்கும் நாட்களில் ஆபத்து இரட்டிப்பு.

ஆகவே காய்ச்சல் 38 பாகை என்றால் உடனே வைத்தியசாலை. நாளைக் காலை என்ற பேச்சே வேண்டாம், கிளினிக் நாள் வரைக்கும் பார்ப்போம் என்பதும் வேண்டாம். நம் ஊரில் காய்ச்சல் என்றால் கை தன்பாட்டில் பனடோலுக்குப் போகும். அதைப் போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் பார்ப்போம் என்று இருப்பதுதான் நான் காணும் பெரிய பிழை. பனடோல் வெப்பத்தை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வெப்பமானி 37 காட்டும், எல்லோரும் நிம்மதியாகப் படுப்பீர்கள். இன்னொன்று: ஏ.எல்.எல். சிகிச்சையில் ஸ்டெரொயிட் மருந்தும் இருக்கிறது. அது காய்ச்சலே வராமல் மறைத்துவிடக்கூடும். எனவே காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரிக் குளிர் நடுக்கமோ, திடீர்ச் சோர்வோ, கதையில் தடுமாற்றமோ வந்தால் அதையும் 38 என்றே கணக்கில் எடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஈ.டி.யு. என்ற அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: "மண்ணீரல் எடுத்தவர், கீமோ நடக்கிறது, காய்ச்சல்." இதை ஒரு சின்ன அட்டையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி லெமினேட் செய்து தம்பியின் பர்சில் வையுங்கள், உங்கள் கைப்பையிலும் ஒன்று இருக்கட்டும். பதற்றத்தில் உங்களுக்கே சிங்களம் மறந்துபோகும்.

தடுப்பூசிகளைப் பற்றி மகரகம வைத்தியரிடம் கேளுங்கள். நியூமொகொக்கஸ், மெனிங்கொகொக்கஸ், ஹிப் என்ற மூன்றும், வருடா வருடம் இன்புளுவன்சாவும் தேவைப்படும். வழக்கமாக அவசர சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு கிழமையில் போடத் தொடங்குவோம். கீமோ நடக்கும்போது ஊசி போட்டாலும் உடம்பு சரியாகப் பதில் கொடுக்காது என்பதால், எப்போது போடுவது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் இப்போதைக்குக் கூடாது. பெனிசிலின் தினமும் எழுதித் தந்திருந்தால், சுகமாக இருக்கும் நாளிலும் நிறுத்த வேண்டாம். டிஸ்பிரின், புரூபன் மாதிரி வலி மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம், இரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

பெரியம்மாவின் சூப்புக்கு வருவோம். ஆட்டு மண்ணீரல் தின்றால் மனித மண்ணீரல் முளைக்காது. ஆனால் அதில் இரும்பும் புரதமும் உண்டு. தம்பிக்குப் பிடித்திருந்தால், நன்றாக வேகவைத்து, சுடச்சுட, அன்றே குடித்து முடிப்பதானால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பெரியம்மாவின் மனமும் நிறையும். பப்பாசி இலைச் சாறு மட்டும் வேண்டாம். டெங்குக் காலத்தில் பழகிப்போன வைத்தியம் அது. தம்பியின் பிளேட்லெட் குறைவதற்குக் காரணம் டெங்கு இல்லை, நோயும் கீமோவும். பச்சை இலையை இடித்துப் பிழிந்த சாற்றோடு வரும் மண்ணையும் கிருமியையும் தாங்க அவரிடம் இப்போது படை இல்லை.

தம்பிக்கு நீங்களே இரத்தம் கொடுக்க நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். பின்னாளில் மூல உயிரணு மாற்றம், அதாவது இரத்தத்தை உருவாக்கும் கலங்களை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றுவது, தேவைப்பட்டால், கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முன்கூட்டியே உங்கள் இரத்தம் ஏறினால் அவர் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடக்கூடும், அதனால் உறவினரின் இரத்தம் அவருக்கு ஏறாமல் இருப்பது நல்லது. அவருக்கு ஏறிய அத்தனை பையும் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்தைத் தலைமையாகக் கொண்ட சேவையிலிருந்து வந்தவை, முன்பின் தெரியாதவர்கள் சும்மா கொடுத்தவை. ஒழுங்கையில் இருக்கும் தம்பியின் கிரிக்கெட் கூட்டாளிகளை அங்கே அனுப்புங்கள். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாத சாமான், எப்போதும் தட்டுப்பாடுதான்.

சிகிச்சை முடிந்ததும் வேளாங்கண்ணிக்கோ சென்னைக்கோ கூட்டிக்கொண்டு போகும் நேர்த்தி ஏதாவது வைத்திருந்தால், பயணத்துக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்துவிட்டது. இந்தியாவில் இன்னும் இருக்கிறது, மண்ணீரல் இல்லாதவருக்கு அது கடுமையாக வரும். தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டிலோ ஒழுங்கையிலோ தம்பி கொஞ்சுகிற நாய் இருந்தால், கடி மட்டுமில்லை, சின்னக் கீறலுக்கும் அன்றே வைத்தியசாலை. நாயின் வாயில் இருக்கும் ஒரு பற்றீரியா மண்ணீரல் இல்லாதவர்களைத் தேடிப் பிடிக்கும். விசர்நாய்க்கடி ஊசிக் கதை தனி.

அம்மாவிடம் அந்தப் போத்தலைப் பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள். உங்களைக் குற்றம் சொல்லித்தான் ஒளித்தா என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்திருக்கவும் கூடும். கேட்டால்தானே தெரியும்.

இன்று பின்னேரம் கடை பூட்டுவதற்குள் பாமசியில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கிவிடுங்கள். காதில் வைப்பது, நெற்றியில் காட்டுவது எல்லாம் வேண்டாம், நாக்கின் கீழ் வைக்கும் சாதாரணமானது போதும். தண்ணீரோ தேநீரோ குடித்தால் கால் மணித்தியாலம் கழித்து வையுங்கள். பட்டரி ஒன்றும் மேலதிகமாக வாங்குங்கள், அது நடுச்சாமத்தில்தான் தீரும்.